கணக்கில் வராத பதினொன்று

செப்டம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. ஆண்டவன் தயவில் நாங்கள் இருவரும் நடமாட்டமாக இருக்கிறோம். படியேறும்போது அத்தானுக்கு இடது முழங்கால் மட்டும் சத்தம் போடுகிறது, அவரும் பதிலுக்கு அதைத் திட்டுகிறார். உன் தோள்வலி எப்படி இருக்கிறது? நாற்காலியை மாற்றினாயா?

போனில் பேசினால் நான் பாதியை மறந்துவிடுகிறேன், மீதியை நீ கேட்பதில்லை. அதனால்தான் மின்னஞ்சலில் இப்படி உட்கார்ந்து கடிதமாக அடிக்கிறேன். நீங்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து சம்பளம் இல்லாமல் செய்து எல்லாருக்கும் இலவசமாகக் கொடுக்கிறீர்களே, அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தின் இந்த வருடப் பதிப்பைப் போட்டேன். எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தானை மேலே கொண்டுவந்து வைத்த புண்ணியவான் யார்? என் கண்ணாடி அவருக்கு நன்றி சொல்லச் சொன்னது.

மூன்று வருடத்துக்கு முன்னால் நீ அனுப்பிய புதுக் கம்ப்யூட்டர் இன்றுவரை ஒரு நாளும் நின்றதில்லை. அதற்காகத் தினமும் ஒரு தடவை உன்னை நினைத்துக் கும்பிடுகிறேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தினமும்தான்.

வியாழக்கிழமைப் பிரார்த்தனைக் குழுவில் இப்போது என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். எல்லாரும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


செப்டம்பர் 15

அக்காவுக்கு,

தோள்வலிக்குக் காரணம் நாற்காலி இல்லையாம், நான் அதில் உட்காரும் லட்சணமாம். டாக்டர் சொன்னார். நீ பத்து வருடமாகச் சொல்கிறாய். மற்றபடி சௌக்கியம். அத்தான் முழங்காலோடு சமாதானமாகப் போகட்டும்.

இங்கே ஒரு பெரிய வேலை நடக்கிறது. பிராசஸர்தான் கம்ப்யூட்டரின் மூளை என்பது உனக்குத் தெரியும். இத்தனை கட்டளைகள்தான் புரியும் என்று அதைச் செய்யும்போதே முடிவாகிவிடும், பிற்பாடு புதிதாக ஒன்றும் கற்றுக்கொள்ளாது. பின்னால் வந்த மூளைகளுக்குக் கூடுதலாகச் சில கட்டளைகள் தெரியும். ஒவ்வொன்றாகக் கூட்டாமல் எட்டு எண்ணை ஒரே வீச்சில் கூட்டிவிடும். ஆனால் பதினைந்து வருடப் பழைய மூளைக்கும் புரிய வேண்டும் என்று நாங்கள் இதுவரை எல்லா நிரல்களையும் பழைய கட்டளைகளை வைத்தே கட்டி வந்தோம். அடுத்த பதிப்பிலிருந்து குறைந்தபட்சத் தகுதியை உயர்த்தலாம் என்று குழுவில் ஒரு யோசனை வந்திருக்கிறது. பத்தில் ஒரு பங்கு வேகம் கூடும்.

உன் கம்ப்யூட்டர் புதுசு. நீ கவலைப்பட ஒன்றுமில்லை.

தம்பி


செப்டம்பர் 21

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அத்தானும் முழங்காலும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறார்கள்.

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். புரிந்ததா என்று சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்து. நான் கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார், "எல்லாம் வழக்கம்போல பண்ணிடும்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். அந்த வழக்கம் என்னவென்று யாரும் சொல்லித் தரவில்லை. நான் சமையலறை நடுவில் நின்றது நின்றபடியே நிற்பேன். சோம்பேறித்தனம் இல்லை, திமிரும் இல்லை, சொன்னது புரியவில்லை, அவ்வளவுதான். பழைய பிராசஸரும் அப்படித்தான் நிற்குமா?

அப்படி நின்றுவிட்டால், அந்தக் கம்ப்யூட்டரை வைத்திருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்? எனக்குத் தெரிந்த ஓரிருவரிடம் பழையது இருக்கிறது. அதற்காகக் கேட்கிறேன்.

குளிர் வந்துவிட்டதா? கழுத்தை மூடிக்கொண்டு போ.

அக்கா


அக்டோபர் 2

அக்காவுக்கு,

அவ்வளவு நன்றாக எங்களில் யாரும் விளக்கியதில்லை. கூட்டத்தில் உன் மாமியாரை எடுத்துச் சொன்னேன், மிகவும் ரசித்தார்கள்.

ஆமாம், அப்படியே நின்றுவிடும். புதுப் பதிப்பு பழைய பிராசஸரில் ஏறவே ஏறாது. இப்போதுள்ள பதிப்பிலேயே இருக்கலாம், ஆனால் அதற்குப் பழுதுபார்ப்பு அடுத்த ஜூனோடு முடிகிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வங்கிப் பக்கம் திறக்காது, பாதுகாப்பும் இருக்காது. உன் தெரிந்தவர்களிடம் வேறு கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளச் சொல்.

நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. சிஸ்டத்தைப் போட்டு முடிக்கும்போது, "இந்தக் கணினியின் விவரத்தை எங்களுக்கு அனுப்பலாமா?" என்று ஒரு கேள்வி வருமே, சம்மதித்தவர்களின் விவரங்களைத் திரட்டித்தான் கணக்கெடுத்தோம். பழைய பிராசஸர் இருநூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நீயும் "அனுப்பலாம்" அழுத்தியிருப்பாய்தானே?

தம்பி


அக்டோபர் 11

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இங்கே விடாமல் மழை. துணி காயவில்லை, அத்தான் ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டு தும்முகிறார்.

நீ கேட்டதற்கு இன்னொரு நாள் பதில் எழுதுகிறேன். புதுப் பதிப்பை எல்லாருக்கும் கொடுப்பதற்கு முன்னால் சோதனைக்கென்று ஒன்று விடுவீர்களே, அது எப்போது வரும்?

அக்கா


நவம்பர் 3

அக்காவுக்கு,

யோசனை நிறைவேறிவிட்டது! சோதனைப் பதிப்பு நேற்று வெளியானது. முழுப் பதிப்பு ஜனவரி இருபதில். பல மாத உழைப்பு. இன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்குவேன் என்று நினைக்கிறேன்.

அத்தானின் தும்மல் நின்றதா? மாத்திரை வாங்கிக் கொடு. உன் கடிதம் மிகவும் சின்னதாக இருந்தது. நீ நன்றாக இருக்கிறாய்தானே?

தம்பி


நவம்பர் 24

அக்கா,

மூன்று வாரம் ஆகிவிட்டது. போன் செய்தால் அத்தான் எடுத்து, "நல்லா இருக்காப்பா, வேலையா இருக்கா" என்று வைத்துவிடுகிறார். என்ன வேலை? ஒரு வரி எழுது.

தம்பி


நவம்பர் 27

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா கையால் எழுதித் தபாலில் அனுப்புவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சோதனைப் பதிப்பை என் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். பாதி வரை ஒழுங்காகப் போனது. பிறகு கறுப்புத் திரையில் "சட்டவிரோதக் கட்டளை" என்று ஒரே வரி, அதோடு நின்றுவிட்டது. பின்னால் நின்றிருந்த அத்தான் பயந்துவிட்டார்.

"என்ன பண்ணித் தொலைச்சே? போலீஸ் வருமா?"

"வராதுங்க. அதுக்குத் தெரியாத கட்டளையைச் சொல்லிட்டாங்களாம், அதைத்தான் இப்படிச் சொல்லுது."

"தெரியாததைச் செய்யச் சொன்னா சட்டவிரோதமா? அப்ப இந்த வீட்ல எனக்குத் தினமும் நடக்குறது என்ன?"

நீ அனுப்பிய கம்ப்யூட்டரில் அந்த வரி வந்திருக்காது. அது என் வீட்டில் இல்லை, தம்பி.

அது வந்த நாற்பதாம் நாள் டைப்பம்மா வீட்டுக்குப் போய்விட்டது. எங்கள் குழுவில் இருப்பவர்தான், வக்கீல்களுக்கு மனு அடித்துக் கொடுக்கிறார். கணவர் பக்கவாதம் வந்து படுத்த பிறகு அவரால் வேலைக்கு வெளியே போக முடியவில்லை. வீட்டிலேயே அடிக்க ஒரு கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. தூக்கிக் கொடுத்துவிட்டேன். நீ எனக்காக ஆசையாக அனுப்பியதை உன்னிடம் கேட்காமல் கொடுத்தேனே என்று சொல்ல வாய் வரவில்லை. "ஒரு நாளும் நின்றதில்லை" என்று எழுதியதில் பொய் இல்லை, அங்கே அது ஒரு நாளும் நின்றதில்லைதான். ஆனால் பொய் இல்லை என்பதால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடுமா? பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் இதுதான் முன்னால் வந்து நிற்கிறது.

பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் வேண்டாமென்று கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களைக் கேட்டு வாங்கினேன். ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் மாட்டி, படித்துப் படித்துச் சரிசெய்தேன். இப்போது பதினொன்று ஓடுகிறது. என்னிடம் ஒன்று, குழுவில் மற்ற பத்துப் பேரிடமும் ஒவ்வொன்று. ஊசியைத் தெரியுமே, தையல் தைப்பவள், வாயும் அப்படியே இருப்பதால் அந்தப் பெயர். நூற்று நாற்பது வாடிக்கைக்காரர்களின் அளவு அவளுடையதில் இருக்கிறது. இன்னொருவர் அதன் முன்னால் உட்கார்ந்துதான் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். நான்கு பேருக்கு அதில்தான் பிழைப்பு.

நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். பதினொரு தடவையும் "வேண்டாம்" அழுத்தியது நான்தான். முதல் தடவை பயம். விவரம் உன் கண்ணில் பட்டு, அக்கா ஏன் இந்தப் பழசில் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்பாயோ என்று. மற்றப் பத்துத் தடவையும், செய்த உதவியை வெளியே சொன்னால் அது உதவியில் சேராது என்று ஒரு பிடிவாதம். எந்தக் கம்ப்யூட்டரில் எந்த விசை ஒட்டிக்கொள்ளும் என்பதுவரை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் உங்கள் கணக்கில் ஒன்றையும் சேர்க்க விடவில்லை. நீ பார்த்த கணக்கு தப்பு. அதில் என் கை இருக்கிறது.

ஜூனுக்குப் பிறகு இந்தப் பதினொன்றையும் என்ன செய்வதென்று தெரியவில்லை. உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உன்னால்தான் இதெல்லாம் இவ்வளவு நாள் ஓடின. அந்த நன்றி மாறவில்லை.

அக்கா


டிசம்பர் 9

அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துபோய்ப் பிரித்தேன். கோபமா என்று நீ கேட்பாய். கம்ப்யூட்டரைக் கொடுத்ததற்கு இல்லை. மூன்று வருடம் சொல்லாமல் இருந்ததற்குக் கொஞ்சம், அதுவும் நேற்றோடு போய்விட்டது. ஏனென்றால் நானும் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

குழுவில் ஒரு யோசனை வந்திருக்கிறது என்று எழுதினேன். அது தானாக நடந்து வரவில்லை. கொண்டுவந்தவன் நான். ஒருத்தர் மட்டும், "இன்னும் பழைய கம்ப்யூட்டரை வச்சிருக்கிறவங்க இருந்தா?" என்று கேட்டார். "ஆளே இல்லாத வீட்டுக்கு எத்தனை வருஷம் விளக்கேத்தி வைக்கிறது?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் ஆளில்லை என்று சொன்ன வீட்டில் நீ உட்கார்ந்து எனக்குக் கடிதம் அடித்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

பதினொன்று புதிதாக வாங்கி அனுப்ப எனக்கு வசதியில்லை. வசதியிருந்தாலும் கேள்வி அப்படியேதான் இருக்கும்: உன்னைப் போல இன்னும் எத்தனை பேர்? நான் பேசினால் அக்காவுக்காகப் பேசுகிறான் என்பார்கள். அதனால் நீங்களே எழுதுங்கள். நோட்டில் உள்ளபடி எந்தக் கம்ப்யூட்டர், எந்தப் பிராசஸர், யார், என்ன வேலைக்கு என்று. எங்கள் குழுவின் பொது மின்னஞ்சல் பட்டியலுக்கு யார் வேண்டுமானாலும் எழுதலாம், அதை எல்லாரும் படிப்பார்கள். நான் மொழிபெயர்த்துப் போடுகிறேன்.

டைப்பம்மாவுக்கு என் வணக்கம். அத்தானிடம் போலீஸ் வராது என்று சொல்.

தம்பி


டிசம்பர் 18

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றிவிட்டேன், அதில்தான் அடிக்கிறேன். உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். விளக்கு வரி வந்ததும் அவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். காற்றும் இல்லை, ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் எல்லாரிடமும் விஷயத்தைச் சொன்னேன். டைப்பம்மா எழுந்து போனார். அரைமணியில் நீ அனுப்பிய கம்ப்யூட்டரைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"உங்க தம்பி உங்களுக்குன்னு அனுப்பினதாமே. எனக்குச் சொல்லவே இல்லையே நீங்க. இந்தாங்க."

"குடுத்ததை வாங்கிக்கிற வழக்கம் எங்க வீட்ல இல்லைம்மா."

"இப்ப மட்டும் வாங்கிக்கல, நாளைலேர்ந்து நான் பிரார்த்தனைக்கு வரமாட்டேன்."

ஊசி நடுவில் புகுந்தாள். "ரெண்டு பேரும் புண்ணியத்துக்குச் சண்டை போட்டது போதும். ஜூன்ல நிக்கப்போறது என்னோடது. அதுக்கு வழியைச் சொல்லுங்க முதல்ல."

அதோடு டைப்பம்மா உட்கார்ந்துவிட்டார். தூக்கி வந்த கம்ப்யூட்டரையே திறந்து வைத்து, நான் நோட்டிலிருந்து சொல்லச் சொல்ல அடித்தார். அடித்து முடித்ததைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது மனு ஒன்றுதானே! "மனுதாரர்கள் பதினொருவரும் மிகப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்" என்று ஆரம்பித்து, பிராசஸர் விவரத்தையெல்லாம் சொத்து அட்டவணை மாதிரி நான்கு எல்லையோடு போட்டு, "எதிர்மனுதாரர்: சிஸ்டம் குழுவினர்" என்று எழுதிவிட்டார். மாற்றச் சொன்னேன்.

"நீங்க கேக்குறது நியாயந்தானே? நியாயம் கேட்டா அது மனுதாங்க," என்றார்.

நான் ஒரு பத்தி மட்டும் சேர்த்தேன். கணக்கு தப்பானதற்குக் காரணம் முதல் மனுதாரர்தான் என்று. மறைக்காமல் அதையும் மொழிபெயர்க்க வேண்டும். கம்ப்யூட்டர் அவரோடேயே திரும்பிப் போனது. போகும்போது, "தூக்கிட்டு வந்ததுல இடுப்பு போச்சு" என்று என்னைத்தான் திட்டினார்.

எது நடந்தாலும் நீ காது கொடுத்தாயே, அதற்கு நன்றி.

அக்கா


ஜனவரி 22

அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நலமாகத்தான் இருக்கிறேன்.

மனுவை ஒரு வரி விடாமல் மொழிபெயர்த்துப் போட்டேன். நான்கு எல்லைகளையும் சேர்த்து. இருபது வருடப் பட்டியலில் இப்படி ஒன்று வந்ததில்லை. அடுத்த இரண்டு நாளில் வேறு ஊர்களிலிருந்து ஒவ்வொருவராக எழுத ஆரம்பித்தார்கள்: "என்னிடமும் பழையதுதான், நானும் வேண்டாம் என்றுதான் அழுத்தினேன்." ஒரு நூலகத்தில் ஆறு. ஒரு மருந்துக்கடையில் ஒன்று. ஒருத்தருடைய அப்பா, பார்வை மங்கிவிட்டதால், தன் பழைய கம்ப்யூட்டரைச் செய்தி வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாராம்.

கூட்டம் ஐந்து மணி நேரம் நடந்தது. தீர்ப்பைச் சொல்கிறேன். புதுப் பதிப்பின் தகுதி உயரும், அது மாறவில்லை. வேகம் தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் பழைய பிராசஸருக்கென்று தனியாக ஒன்றைக் கட்டி, மூன்று வருடம் பழுதுபார்ப்போம். கட்டுவது என் பொறுப்பு. இதனால் வெளியீடு மார்ச்சுக்குத் தள்ளிப்போகிறது.

ஒரு நிபந்தனை. மாதாமாதம் யாராவது உண்மையான பழைய கம்ப்யூட்டரில் அதைப் போட்டுப் பார்த்து, ஓடுகிறதா இல்லையா என்று எழுத வேண்டும். எங்களில் ஒருத்தரிடமும் அவ்வளவு பழசு இல்லை. எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டோம். ஒரு மாதம் பதில் வராவிட்டாலும் அதோடு நிறுத்திவிடுவார்கள்.

உன்னைக் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். முடியுமா?

தம்பி


பிப்ரவரி 13

அன்புள்ள தம்பிக்கு,

அத்தானும் நானும் சுகம். முழங்காலுக்கு ஒரு பட்டை வாங்கினோம். இப்போது அதையும் சேர்த்துத் திட்டுகிறார்.

முடியும் என்று சொல்வதைவிடச் செய்துவிட்டு எழுதலாம் என்றுதான் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். நீ கட்டிய முதல் சோதனைப் பிரதியைப் பதினொன்றிலும் போட்டாயிற்று. ஒன்பது முதல் தடவையே ஏறின. நாலாவதில் சத்தம் வரவில்லை. எட்டாவது, ஊசியுடையது, அச்சடிக்க மறுத்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பொதுப் பட்டியலுக்கு எழுதினேன். எங்கேயோ இருக்கும் ஒருவர், உங்கள் கூட்டத்தில் "இருந்தா?" என்று கேட்டாரே அவரேதான், ஒரு மணி நேரத்தில் பதில் எழுதி இரண்டையும் சரிசெய்து கொடுத்தார். கடைசியில், "மனுதாரர்களுக்கு வணக்கத்துடன்" என்று போட்டிருந்தார். ஊசி அந்த வரியை அச்சடித்துத் தையல் மெஷினுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள். இதுவரை நன்றி என்ற வார்த்தையை அவள் வாயால் நான் கேட்டதில்லை. "உன் தம்பி பரவாயில்லை" என்றாள். நீ அதை நன்றியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

தம்பி, உங்கள் கூட்டக் குறிப்புகளை எல்லாரும் படிக்கும்படிதானே போடுகிறீர்கள். நானும் படித்தேன். நீ எழுதாமல் விட்டதும் அதில் இருந்தது. புதுப் பதிப்புக்கு உன்னைத் தலைவராக வைத்திருந்தார்கள் என்றும், "என் கணக்கு தப்பு" என்று நீயே எழுந்து சொல்லி அதை வேறொருவருக்கு விட்டுக் கொடுத்தாய் என்றும். வருத்தமில்லை என்று எனக்கு எழுதாதே, நான் நம்ப மாட்டேன். வருத்தப்படு. வருத்தத்தோடு ஒருவன் செய்ததுக்குத்தான் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது.

நேற்று வியாழக்கிழமை. வழக்கமாக யார் யாருக்காக வேண்டிக்கொள்கிறோம் என்று நான் வரிசை எண் போட்டு நோட்டில் எழுதி வைப்பேன். உனக்கு ஒன்று, உங்கள் குழுவுக்கு ஒன்று, நூலகம், மருந்துக்கடை, அந்த அப்பா. அப்போது டைப்பம்மா கேட்டார்.

"எழுதினவங்க சரி. இன்னும் எழுதாம இருக்கிறவங்க எத்தனை பேருங்க?"

"தெரியாதும்மா."

"தெரியாதவங்களை எந்த நம்பர்ல போடுவீங்க?"

நோட்டு வைக்க ஆரம்பித்த இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, எண் போடாமல் ஒரு வரி எழுதினேன். பன்னிரண்டு பேரும் அவர்களுக்காகக் கண்ணை மூடிக்கொண்டோம். மற்ற நாளைவிடச் சற்று அதிக நேரம் ஆயிற்று. ஊசிகூட அவசரப்படுத்தவில்லை.

அடுத்த மாதப் பிரதியை வேளைக்கு அனுப்பு. கழுத்தை மூடிக்கொள்.

உன் அக்கா